ராணியம்மாள் பெயரைச் சொல்லி

கடலூர் முதுநகர்
12.9.2024

அன்புள்ள பியூலா அக்காவுக்கு,

பள்ளிக்கூட விலாசத்துக்குக் கடிதம் வந்ததைப் பார்த்துப் பயந்துவிடாதே. அப்பா நன்றாக இருக்கிறார். வாதம் வந்த வலது கையும் காலும் அப்படியேதான். பேச்சும் "ம்", "போ" என்ற இரண்டைத் தாண்டவில்லை. ஆனால் இன்று காலை இட்லி போதாது என்று தட்டைத் தள்ளிக் காட்டினார்.

போனில் பேசினால் அத்தான் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நான் உன்னிடம் கேட்கிறேன், பதில் அவரிடமிருந்து வருகிறது. போன வாரம் "இந்தப் பஞ்சாயத்துக்கெல்லாம் இனிமே இங்க போன் பண்ணாத" என்று கட் பண்ணியதும் அவர்தான். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அத்தான் வழியாக உனக்கு இது வேறு மாதிரி வந்திருக்கும். நடந்தது இதுதான். நம் கொல்லையிலிருந்து ராணியம்மாள் வீட்டுச் சுவர் ஓரமாகத் தெருவுக்குப் போகும் மழைத்தண்ணீர் வாய்க்கால் இருக்கிறதே, பொது வாய்க்கால், அதை ராணியம்மாள் ஆகஸ்டில் கல்லைப் போட்டு அடைத்து மேலே கான்கிரீட் ஊற்றிவிட்டார். அவர் பக்கம் மேடாகிவிட்டது. நம் வீடு பள்ளம். முதல் மழைக்கே கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, இரண்டு நாள் வடியவில்லை.

போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். "ராணிம்மா, தண்ணி போற வழிய அடைச்சிட்டீங்களே, நாங்க என்ன பண்றது?" என்றேன்.

"ஜெபம் பண்ணிட்டுதான் கட்டுனேன். ஆண்டவர் சமாதானம் குடுத்தாரு" என்றார்.

"எங்க வீட்டுக்குத் தண்ணிதான் குடுத்தாரு" என்றேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் வாய்த்துடுக்குக்காரி. கல்யாணமாகாமல் ஐஸ் பேக்டரிக்கு வேலைக்குப் போய் ஆண்களோடு பழகிக் கெட்டுப்போனவள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் பெண்கள் ஐக்கிய ஜெபக்கூட்டம். அவர்தானே தலைவி. மைக் வைத்து ஜெபிக்கிறார்: "பக்கத்து வீட்டு சகோதரியோட கல்லான இருதயத்தை உடையும் ஆண்டவரே!" ஸ்பீக்கர் நம் ஜன்னலைப் பார்த்து இருக்கிறது. நான் ஜன்னலைத் திறந்து "ஆமென்! அப்படியே அந்தக் கான்கிரீட்டையும் உடையும் ஆண்டவரே!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அது இன்னும் பெரிய குற்றமாகிவிட்டது.

மாநகராட்சியில் மனு கொடுத்திருக்கிறேன். நீ ஒரு நாள் வந்து பார். பார்த்துவிட்டு அத்தானிடம் சொல். வேறொன்றும் கேட்கவில்லை.

ஜான்சி


சிதம்பரம்
19.9.2024

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ஜான்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தானுக்குத் தெரியாமல் எதையும் வைத்துக்கொள்ள எனக்குப் பழக்கமில்லை. ஆகவே படித்துக் காட்டினேன். இந்தப் பதிலையும் அவரிடம் காட்டிவிட்டே தபாலில் போடுகிறேன்.

நீ சொல்வதில் நியாயம் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வெளியே போய் மனு கொடுப்பது பிறர் முன்னால் நம் நற்சாட்சியைக் கெடுக்கும். ராணியம்மாள் கணவர் போனபிறகு தனியாக இருப்பவர். சபைக்காக எவ்வளவோ செய்தவர். கமிட்டியிலும் இருக்கிறார். போதகர்களின் இடமாற்றம் வரும் ஏப்ரலில் முடிவாகும். அத்தான் கடலூர்ச் சபைக்குக் கேட்டிருக்கிறார். நாங்கள் அங்கே வந்துவிட்டால் அப்பாவை நானும் பார்த்துக்கொள்ளலாம், உனக்கும் பாரம் குறையும். அதையும் நினைத்துப் பார்.

நீ செய்யவேண்டியது: தினமும் காலையில் ராணியம்மாள் பெயரைச் சொல்லி ஜெபி. பொதுவாக அல்ல, பெயரைச் சொல்லி. அவர் நன்மைக்காக. பிறகு ஏதாவது இனிப்பு செய்து எடுத்துக்கொண்டு போய்க் கொடு. மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள். ஜெபம் செய்யமுடியாததை மனு செய்துவிடாது என்று அத்தான் சொல்லச் சொன்னார்.

சமாதானத்தின் தேவன் உன்னோடு இருப்பாராக.

பியூலா

அப்பாவின் முதுகுப் புண் ஆறிவிட்டதா? நீ எழுதவே இல்லையே.


கடலூர் முதுநகர்
10.10.2024

அன்புள்ள அக்காவுக்கு (அத்தானும் படிக்கலாம்),

ஜெபிக்கச் சொன்னாய். ஜெபிக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஒரு நாள் விடாமல்.

முதல் நாள் அந்தப் பெயர் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, அந்தப் பொம்பளை" என்று ஆரம்பித்தேன். அது ஜெபமில்லை என்று எனக்கே தெரிந்தது. மறுநாள் "ராணியம்மாள்" என்று சொன்னேன், பாகற்காயை மென்றமாதிரி. பிறகு பழகிவிட்டது. ஜெபிக்கிற நேரத்தில்தான் கவனித்தேன், காலையில் அவர் இருமுகிறார். வெகுநேரம் இருமுகிறார். தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட அந்த வீட்டில் ஆள் இல்லை. மகன் மஸ்கட்டிலிருந்து வந்தே நாலு வருஷம் ஆகிறதாம். அந்த இருமலுக்காகவும் ஜெபித்தேன்.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? ஜெபிக்க ஜெபிக்க ராணியம்மாள்மேல் கோபம் குறைகிறது. வாய்க்கால்மேல் குறையவில்லை. முன்னே இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடந்தது. இப்போது தனித்தனியாகத் தெரிகிறது. அதனால் வாய்க்காலைப் பற்றி முன்னைவிடத் தெளிவாகப் பேசமுடிகிறது. நீங்கள் எதிர்பார்த்த பலன் இதுவா என்று தெரியவில்லை.

இனிப்பும் கொண்டுபோனேன். பாசிப்பருப்புப் பாயசம், முந்திரி போட்டு. மூடியைத் திறந்து பார்த்தார்.

"மனந்திரும்பிட்டியா?"

"பாயசம் கொண்டாந்திருக்கேன் ராணிம்மா."

"அப்ப மனுவ வாபஸ் வாங்கு."

"காவாய தொறந்து விடுங்க, நாளைக்கே வாங்கிடறேன்."

"ஆம்பள இல்லாத ஊட்ல இவ்ளோ திமிரு ஆவாது" என்றார். பாத்திரத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. பாயசம் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

மாநகராட்சியிலிருந்து எழிலன் என்று ஓர் இன்ஜினியர் வந்து டேப் பிடித்து அளந்தார். பொது வாய்க்கால்தான், அடைத்தது தவறு என்று ராணியம்மாள் முகத்துக்கு நேரேயே சொன்னார். ஆனால் முறைப்படி நோட்டீஸ், அதற்குப் பதில், அதற்கப்புறம்தான் இடிக்கமுடியுமாம். "மழைக்கு முன்னாடி முடியுமா சார்?" என்றேன். பாவம், வானத்தைப் பார்த்தார்.

மனுவைத் திரும்பப் பெறமாட்டேன். அத்தான் இடமாற்றத்துக்கு நான் முட்டுக்கட்டை போடவில்லை. வாய்க்காலில் போட்டிருக்கிற கல்லைத்தான் எடுக்கச் சொல்கிறேன்.

புண் ஆறிவிட்டது. கொசுதான் ஜாஸ்தி.

ஜான்சி


சிதம்பரம்
28.10.2024

ஜான்சி,

உங்கள் சபைக் கமிட்டி கூடி முடிவெடுத்ததை அத்தானுக்கு போனில் சொன்னார்கள். மனுவைத் திரும்பப் பெற்று ராணியம்மாளிடம் மன்னிப்புக் கேட்கும்வரை உனக்குத் திருவிருந்து இல்லை, அப்பமும் ரசமும் தரமாட்டார்கள் என்று. உன்னிடமும் சொல்லியிருப்பார்கள்.

எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீ ஞானஸ்நானம் பெற்ற கோயில் அது. அம்மாவை அடக்கத்துக்கு எடுத்துப்போன கோயில். அந்த இடத்தில் நீ பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வார்த்தைதானே ஜான்சி. "தெரியாமல் பேசிவிட்டேன்" என்று ஒரு வார்த்தை. சொல்லிவிடேன்.

இனிப் பள்ளிக்கு எழுதவேண்டாம். தலைமையாசிரியை கேட்கிறார்கள்.

பியூலா


கடலூர் முதுநகர்
4.12.2024

அக்கா,

எழுதவேண்டாம் என்றாய். எழுதுகிறேன். டிவியில் எங்கள் ஊரைப் பார்த்திருப்பாய். எங்கள் வீட்டைக் காட்டியிருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை முழுக்கப் புயல் மழை. ஞாயிறு விடிந்தபோது கொல்லைத் தண்ணீர் சமையலறைப் படியைத் தாண்டி வீட்டுக்குள் ஏறிவிட்டது. நான் அரிசி டின்னையும் மருந்துப் பெட்டியையும் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்பா சத்தமே போடவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், அவருடைய வலது கால் கட்டிலிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறது, முழங்கால்வரை. அந்தக் காலில் உணர்ச்சி இல்லை. அதனால் அவருக்குத் தெரியவில்லை, அக்கா. எவ்வளவு நேரமாக என்று எனக்கும் தெரியாது. தூக்கிப் பார்த்தேன். ஐஸ் பேக்டரியில் மீனைத் தொடுகிற மாதிரி இருந்தது.

கத்தினேன். எதிர்வீட்டு மாடியிலிருந்து ராமாமிர்தம் அக்காவும் அவர் வீட்டுக்காரர் சுப்பராயலு மாமாவும் ஓடிவந்தார்கள். அப்பாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மூன்று பேருமாக, கணுக்கால் அளவுத் தண்ணீர் ஓடிய தெருவைக் கடந்து அவர்கள் மாடியில் சேர்த்தோம். ராமாமிர்தம் அக்கா தன் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்து அவர் காலில் சுற்றினார். கையில் அகப்பட்டது அதுதான் என்றார்.

நான் கீழே இறங்கி மாமாவிடம் கடப்பாரை கேட்டேன்.

"நீ இரும்மா, நான் ஒடைக்கிறேன்" என்றார்.

"வேணாம் மாமா. நீங்க கை வச்சா வேற பேச்சாயிடும். நாளைக்கு இந்துக்காரரு வந்து கிறிஸ்டின் ஊட்ட இடிச்சாருன்னு கெளப்பி வுடுவாங்க. இது எங்க கோயில் சண்டை. நான்தான் ஒடைக்கணும்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான் கயிறு புடிச்சிக்கிறேன்" என்று என் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, தண்ணீர் என்னை அடித்துக்கொண்டு போகாமல் பிடித்துக்கொண்டார்.

உடைத்தேன் அக்கா. கான்கிரீட் கண்ணுக்குத் தெரியவில்லை, காலால் தடவித் தடவி இடம் பார்த்துக் குத்தினேன். ஒவ்வொரு குத்துக்கும் ராணியம்மாள் பெயரைச் சொன்னேன். பழக்கமாகிவிட்டதே. அது ஜெபமா வசவா என்று ஆண்டவர்தான் பிரித்தெடுக்கவேண்டும். ஜன்னலில் நின்று அவரும் கத்திக்கொண்டிருந்தார். "பாவி, சாகடிக்கப் போறா, எங்கூட்டுக்குள்ள தண்ணிய வுடப் போறா!" பிறகு ஜெபம். பிறகு மறுபடியும் கத்தல்.

கான்கிரீட் பிளந்து அடியிலிருந்த கல் விலகியதும் தண்ணீர் ஒரு சுழி சுழித்துத் தெருப்பக்கம் பாய்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நம் வீட்டில் இறங்க ஆரம்பித்தது.

நான் அப்படியே ராணியம்மாள் வீட்டு வாசலுக்குப் போனேன். கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"கடப்பாரைய கீழ வையி!"

"வச்சா தண்ணியில போயிடும், மாமாவுது. நான் அடிக்க வரல. உங்க ஊட்டுக்குள்ள தண்ணி வருதா பாருங்க."

தரை காய்ந்து கிடந்தது. அவர் தரையைப் பார்த்தார், நம்பவில்லை. "வரும்" என்றார். "போன வெள்ளத்துல இப்படித்தான் இல்ல இல்லன்னு இருந்து வந்துச்சு. அவுரு எழுந்திரிக்க முடியாம கெடந்தாரு. கால் தண்ணியில தொங்கிட்டு இருந்துச்சு. நான் ஒருத்தி. தூக்க முடியல."

அவர் கணவர் அந்த வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சலில் போனார் என்று நமக்குத் தெரியும். இது தெரியாது.

எனக்கு மனசு இளகியது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நான் சொன்னது இதுதான்: "எங்க அப்பா காலும் காலையில தண்ணியிலதான் தொங்குச்சு ராணிம்மா."

நான் வந்துவிட்டேன்.

பயம் நிஜம்தான். ஆனால் அவர் பயத்துக்கு என் வீடு ஏன் மூழ்கவேண்டும்? இதற்கு அத்தானிடம் பதில் இருந்தால் கேட்டு எழுது.

நேற்று அவர் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார், அத்துமீறி நுழைந்து உடைத்தேன் என்று.

அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. இன்னும் மாடியில்தான் இருக்கிறார்.

ஜான்சி


சிதம்பரம்
11.12.2024

ஜான்சி,

இந்தக் கடிதத்தை யாரும் படித்துப் பார்க்கவில்லை.

உன் கடிதத்தைப் பள்ளியில் ஸ்டாஃப் ரூமில் வைத்துப் பிரித்தேன். முடிக்கமுடியாமல் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பாவைப் பார்க்க வருகிறேன் என்று திங்கட்கிழமையே சொன்னேன். "ரோடெல்லாம் தண்ணி, பஸ் இல்ல" என்றார் அத்தான். பி.முட்லூர் வழியாக பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எங்கள் பள்ளி ஆயா சொன்னாள். அவள் அந்த பஸ்ஸில்தான் வருகிறாள்.

நேற்று சாயங்காலம் அத்தான் ஒரு தாளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். சபைக் கமிட்டிக்கு. குடும்பத்தின் சார்பில் வருந்துகிறோம், இடித்ததை எங்கள் செலவில் திரும்பக் கட்டித் தருகிறோம் என்று. அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். மூத்த மகள் என்று எழுதிய இடம் காலியாக இருந்தது.

"போடு" என்றார்.

"திரும்பக் கட்டுனா திரும்பத் தண்ணி ஏறும்ங்க."

"அது அப்புறம் பேசிக்கலாம். இப்ப அவுங்களச் சமாதானப்படுத்தணும்."

"எங்க அப்பா கால் தண்ணிக்குள்ள கெடந்துச்சு."

"எனக்கும் வருத்தம்தான் பியூலா. ஆனா ஊழியம்னு ஒண்ணு இருக்கு. நாலு பேரு நம்மளப் பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்றேன். "நான் போடமாட்டேன்."

இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் 'மாட்டேன்' என்று நான் சொன்னதில்லை. அவர் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கத்தவில்லை. அவர் கத்துகிறவர் இல்லை, உனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை நாள் எனக்கு எதிர்த்துப் பேசத் தெரியாமல் போயிற்று.

நீ கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் கேட்கவில்லை. என்னிடமே இருக்கிறது. உன் வீடு மூழ்கவேண்டியதில்லை.

மன்னிப்புக் கேள் என்று முன்பு எழுதினேன். கேட்காதே. ராணியம்மாளுக்காக ஜெபிப்பதை நிறுத்தவும் நிறுத்தாதே. இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. ஆனால் நீ அப்படித்தான் நிற்கிறாய் என்று தெரிகிறது.

ராமாமிர்தத்திடம் சொல், அந்தப் பட்டுப்புடவைக்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது.

அக்கா


கடலூர் முதுநகர்
27.12.2024

அக்கா,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 'மாட்டேன்' என்று நீ சொன்ன இடத்தில் இடது கையால் கட்டிலைத் தட்டினார். திரும்பப் படிக்கச் சொல்கிறார் என்று புரிந்து மறுபடியும் படித்தேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்வந்தேன். ஒரு பெண் எஸ்.ஐ. ராணியம்மாளையும் என்னையும் உட்காரவைத்து விசாரித்தார்.

"ஒடைச்சீங்களா?"

"ஒடைச்சேன் மேடம். அடைச்சா திரும்ப ஒடைப்பேன். அதையும் எழுதிக்குங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இப்படியெல்லாம் வாக்குமூலம் குடுக்காதீங்கம்மா" என்றார். மாநகராட்சி நோட்டீஸைக் காட்டினேன். மழைக்குப் பிறகு அது வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு, ராணியம்மாளிடம் புகாரைப் பற்றி யோசித்துச் சொல்லுங்கள் என்றார். ராணியம்மாள் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பெட்டிக்கடையில் சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். ஆளுக்கொரு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம்.

கிறிஸ்துமஸ் அன்று கோயிலுக்குப் போனேன். கடைசிப் பெஞ்சு. எல்லோரும் பீடத்துக்குப் போனார்கள், நான் உட்கார்ந்திருந்தேன். கமிட்டியை மதித்து உட்கார்ந்திருக்கவில்லை. அன்றைக்கு அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கும் நேரத்துக்குள் வீட்டுக்குத் திரும்பவேண்டும், சண்டைக்கு நேரமில்லை. அவ்வளவுதான்.

ஜனவரி முதல் ஞாயிறு திருவிருந்துக்குப் போவேன். காணிக்கை கொண்டுபோகிற வழியில் யாரோடாவது மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால் முதலில் போய் அவரோடு ஒப்புரவாகிவிட்டு வரவேண்டும் என்றுதானே சின்ன வயதிலிருந்து நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் போனேன். பாயசத்தோடு போனேன், கடப்பாரையோடு போனேன், சோடாவோடும் போனேன். இதற்குமேல் எப்படிப் போவதென்று எனக்குத் தெரியவில்லை. இனிப் பந்திக்குப் போவதுதான் பாக்கி. தடுத்தால் தடுக்கட்டும்.

நீ வரவேண்டாம். உனக்கு அங்கேயே போதுமான சண்டை இருக்கிறது.

ஜான்சி


கடலூர் முதுநகர்
5.1.2025

அக்கா,

கோயிலிலிருந்து வந்து, அப்பாவுக்குச் சோறு ஊட்டிவிட்டு, உடனே எழுதுகிறேன். விட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

முதல் வரிசையிலேயே போய் முட்டிபோட்டேன். எங்கள் போதகர் அப்பத்தட்டோடு வந்தார். எனக்கு முன்னால் நின்று குனிந்து, "ஜான்சி, கமிட்டி முடிவு உனக்குத் தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் ஐயா. நான் கமிட்டிகிட்ட வரல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னைத் தாண்டிப் போய்விட்டார். அடுத்தவருக்குக் கொடுத்தார்.

அந்த வரிசை எழுந்து போயிற்று. நான் எழவில்லை. அடுத்த வரிசை வந்தது. எனக்கு இரண்டு பக்கமும் முட்டிபோட்டார்கள், வாங்கினார்கள், போனார்கள். போதகர் ஒவ்வொரு முறையும் என்னைத் தாண்டிப் போனார். அவர் கையில் தட்டு கிணுகிணுத்தது. கிண்ணத்தோடு வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆண்கள் பக்கம் முடிந்தது, பெண்கள் பக்கம் முடிந்தது. பாட்டுக்குழு பாட்டை முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அதையே மறுபடியும் ஆரம்பித்தது. நான் கையை ஏந்தியபடியே இருந்தேன். அக்கா, உண்மையில் நான் ஜெபிக்கவில்லை. கால் மரத்துவிட்டது. இப்போது எழுந்தால் விழுந்துவிடுவேன், விழுந்தால் மயக்கம் என்று தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அது நடக்கக்கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் செருப்பில்லாத கால் சத்தம். ராணியம்மாள். எப்போதும் முதலில் வருகிறவர் இன்று கடைசியாக வந்தார். மூட்டு வலியோடு மெதுவாக இறங்கி என் பக்கத்தில் முட்டிபோட்டார்.

"முட்டி வலிக்கலையாடி?" என்றார், சின்னக் குரலில்.

"வலிக்குது."

"எழுந்திரு."

"எழுந்திரிக்க மாட்டேன்."

போதகர் அவருக்கு முன்னால் தட்டை நீட்டினார். ராணியம்மாள் வாங்கவில்லை. கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி, அந்த ஜெபக்கூட்டக் குரலில் சொன்னார்: "மொதல்ல இவளுக்குக் குடுங்க ஐயா. இவ எழுந்திரிக்க மாட்டா. சாயங்காலம் வரைக்கும் இங்கயேதான் கெடப்பா. எனக்குத் தெரியும் இவள. நான் ஊட்டுக்குப் போய் மாத்திரை போடணும்."

கொடுத்தார்.

விழுங்கும்போது அழுகை வந்தது. ஜெயித்துவிட்ட அழுகை இல்லை. முட்டிவலி என்றே வைத்துக்கொள்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். "கேஸு கேஸுதான், அத வாபஸ் வாங்க மாட்டேன்" என்றார்.

"வாங்க வேணாம் ராணிம்மா. காவாய மட்டும் அடைக்காதீங்க."

"பாக்கலாம்" என்றார். பிறகு, "அப்பாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். முதல் தடவையாக.

வாய்க்கால் இப்போது உடைந்த கல்லும் மண்ணும் அடைத்துக் கிடக்கிறது. முழுவதும் வாரி எடுத்தால்தான் அடுத்த மழைக்குத் தாங்கும். வேலை நிறைய இருக்கிறது.

ஜான்சி


சிதம்பரம்
5.1.2025

என் தங்கை ஜான்சிக்கு,

இன்று அங்கே உனக்குக் கொடுத்தார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. போன் செய்து கேட்கலாம். கேட்கப் பயமாக இருக்கிறது. இங்கே நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சபையில் பெண்கள் பக்கம் திருவிருந்துக்கு முதலில் எழுபவள் நான்தான். போதகர் மனைவி எழுந்தபிறகுதான் மற்றவர்கள். இன்று அத்தான் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். நான் எழவில்லை. பின்னால் இருந்தவர்களும் எழாமல் காத்திருந்தார்கள். ஒன்றும் பெரிதாகத் திட்டமிட்டுப் போகவில்லை ஜான்சி. இந்நேரம் நீ அங்கே முட்டிபோட்டிருப்பாய் என்று தோன்றியது. என்னால் எழமுடியவில்லை.

அத்தான் படியிறங்கி என் பெஞ்சுக்கு அருகே வந்தார். "பியூலா, உடம்பு சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லங்க. கடலூர்ல என் தங்கச்சிக்கு மறுத்தத இங்க நான் எப்படி வாங்குவேன்?"

நானும் மெதுவாகத்தான் சொன்னேன். அவர் அங்கியில் காலர் மைக் ஆன் ஆகியிருந்தது. கோயிலுக்குள்ளும் கேட்டது, வெளியே பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டது.

அவர் பீடத்துக்குத் திரும்பிப் போனார். என் பின்னால் இருந்தவர்களில் சிலர் எழுந்து போனார்கள். சிலர் போகவில்லை. யார் யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு, குருமனைக்கு வந்தபிறகு அவர் அங்கியைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நான் என்ன பண்ணியிருக்கணும்ங்கற?" என்று கேட்டார். நிஜமாகத் தெரியாமல்தான் கேட்டார்.

"அந்தத் தாள எழுதுன நேரத்துக்கு, வண்டிய எடுத்துட்டுப் போயி உங்க மாமனாரப் பாத்திருக்கணும்."

காபி போட்டுக் கொடுத்தேன், குடித்தார். நான் உள்ளே போய்ப் பையில் துணி எடுத்து வைத்தேன். பள்ளிக்கு லீவு எழுதிவிட்டேன். அறை வாசல்வரை வந்து, "எப்ப திரும்பி வருவ?" என்று கேட்டார்.

"காவா பிரச்சினை முடிஞ்சதும்."

"அது எப்ப முடியும்?"

"நீங்களும் வந்து கை வச்சா சீக்கிரம் முடியும்" என்றேன். பிறகு கடலூருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டு வந்தது அவர்தான். எனக்காகக் கேட்டாரா, தனக்காகக் கேட்டாரா, தெரியவில்லை.

நாளைக் காலை வருகிறேன், தபாலை முந்திக்கொண்டு இந்தக் கடிதத்தையும் கையிலேயே கொண்டுவருகிறேன். உனக்குக் கொடுத்திருந்தால் நல்லது. கொடுக்காவிட்டால் அடுத்த மாதம் இருவருமாகப் போய் முட்டிபோடுவோம். அதற்கும் அடுத்த மாதமும்.

வாய்க்காலில் இடிந்ததெல்லாம் அப்படியே கிடக்கும் என்று நினைக்கிறேன். வரும்போது மேலவீதியில் ஒரு மண்வெட்டி வாங்கிக்கொண்டு வருகிறேன். உன்னிடம் ஒன்று இருந்தாலும் இருக்கட்டும். எனக்கு என் கைக்கு ஒன்று வேண்டும்.

பியூலா